தோளில் ஏறிய மூட்டை

என் அப்பா திண்டுக்கல்லில் ஓர் அச்சாபீசில் அச்சுக் கோர்ப்பவராக இருந்தார். நாற்பது வருடம் நின்றுகொண்டே பார்த்த வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிக் கடிதாசி, பூட்டுக் கம்பெனிக்கு பில் புக்கு, புகையிலைக் கம்பெனிக்கு லேபிள், கோயில் திருவிழா நோட்டீஸ். அந்த மெஷின் கக்கியதெல்லாம் பெரும்பாலும் இவைதான். புத்தகம் என்று ஒன்று வந்தால் அது விசேஷம். வருடத்துக்கு ஒன்று வரும், சில வருடம் அதுவும் வராது.

எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் அப்பா என்னையும் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. அதிகம் புழங்கும் எழுத்துக்குப் பெரிய அறை, கைக்குப் பக்கத்தில். ‘ஙூ’ மாதிரி வராத எழுத்துக்கு மூலையில் ஒரு சின்னக் குழி. ஐந்தாறு வயதில் எழுத்தைப் படிக்கக் கற்ற நான், பதின்மூன்று வயதில் அதையே இடம் வலமாகத் திருப்பிப் படிக்கக் கற்றேன். லை, ணை, னை எல்லாம் அப்போது தும்பிக்கை வைத்த பழைய எழுத்துகள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அந்த அறைகள் காலியாகத் தொடங்கின.

அந்தக் கோடையில், மெஷின் துடைக்க எடைக்கு வாங்கிய பழைய தாள்கட்டில் அட்டை கிழிந்த ஒரு சிறு பத்திரிகை இருந்தது. படம் கிடையாது. சினிமா கிடையாது. விளம்பரம் என்று கண்ணில் படுகிற மாதிரி எதுவும் கிடையாது. பக்கம் பக்கமாக எழுத்து. பெயரும் ‘எழுத்து’தான். நான் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த அப்பா, அச்சுக் கோர்க்கும் ஸ்டிக்கில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “இது நம்ம வத்தலக்குண்டுக்காரரு போட்டதுடா. தானே எழுதி, தானே அச்சுப் போட்டு, தானே தோள்ல சுமந்துட்டுப் போயி வித்தாரு. பேரு செல்லப்பா.”

அன்றிலிருந்து இன்றுவரை, நான் கதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முன்னால் நடந்து போகிற ஆள் அவர்தான். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வத்தலக்குண்டைச் சொல்லாமல் முடியாது. அவருக்கு முன்னால் அதே மண்ணிலிருந்து போன இரண்டு பேரையும் சொல்லியாக வேண்டும்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறி, செம்பட்டி வழியாகப் போனால் சுமார் ஒரு மணி நேரம். பழனி மலைத்தொடர் வலது கைப்பக்கம் கூடவே வரும். கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள் டீ குடிக்க இறங்குகிற ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு வத்தலக்குண்டைத் தெரியும். உள்ளூரில் வெற்றிலைக் கொடிக்கால்தான் பேச்சு. வெற்றிலைக்குன்று என்பது மருவித்தான் வத்தலக்குண்டு ஆனது என்பார்கள். கொடிக்கால் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சோம்பேறிக்கு ஒத்துவராத வெள்ளாமை. அகத்திக்கால் நட்டு, நிழல் கட்டி, கொடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, தினம் தண்ணீர் கண்காணித்து, கவுளி கவுளியாக அடுக்கி விடிவதற்குள் சந்தைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த ஊரிலிருந்து முதலில் போனவர் பி. ஆர். ராஜமையர். பிறந்தது 1872. அவர் பிறந்து மூன்று வருடத்தில், 1875இல், திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. ரயில் வந்த தலைமுறையின் பையன் அவர். மதுரையில் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். 1893இல், இருபத்தொரு வயதில், சி. வி. சுவாமிநாதையர் நடத்திய ‘விவேக சிந்தாமணி’யில் மாதாமாதம் ஒரு கதை எழுதத் தொடங்கினார். ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. 1895 தொடக்கம் வரை அது வந்தது, 1896இல் புத்தகமானது.

அதை நான் முதலில் படித்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. முன்பாதியில் சிறுகுளம் என்கிற கிராமம் கண் முன்னால் நடமாடுகிறது. திண்ணைப் பேச்சு, பெண்கள் ஆற்றங்கரையில் பரப்பும் வதந்தி, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதர், பேயாண்டித் தேவன் என்கிற திருடன். பின்பாதியில் கதை மெல்ல வேதாந்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதத் தவணையில் எழுதுகிறவன் தன்னை மறைக்க முடியாது. இரண்டு வருடத்தில் அந்த இளைஞனுக்குள்ளே நடந்தது, எழுதிய வரிசையிலேயே அச்சில் இருக்கிறது. திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை. போன மாதத்து இதழ் ஏற்கெனவே ஊர் ஊராகத் தபாலில் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் தமிழில் நாவல் எழுதவில்லை. 1896 ஜூலையில் விவேகானந்தரின் ஊக்கத்தோடு சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். 1898 மே மாதம் இறந்துபோனார். வயது இருபத்தாறு. எழுதக் கிடைத்தது ஐந்தே வருடம்.

அடுத்தவர் பி. எஸ். ராமையா. 1905இல் பிறந்தவர். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் சிறைக்குப் போனவர். ஆனந்த விகடன் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்ற ‘மலரும் மணமும்’ மூலம் எழுத்துக்கு வந்தார். அவருடைய கதைகளைவிட அவர் மற்றவர்கள் கதைக்குச் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1933 செப்டம்பரில் ஸ்டாலின் சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் தொடங்கிய ‘மணிக்கொடி’ பத்திரிகை நின்றபோது, 1935இல் அதைச் சிறுகதைக்கென்றே மீண்டும் கொண்டுவந்தவர் ராமையா. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி எல்லோரும் அதில் எழுதினார்கள். எழுதத் தயங்கி நின்ற எஸ். மணி என்பவரை எழுத வைத்து, மௌனி என்று பெயரும் வைத்தார். அந்த நாட்களை அவர் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ நூலுக்குத்தான் 1982இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘போலீஸ்காரன் மகள்’ படம் பார்த்தவர்கள் பலருக்கு அது அவர் எழுதிய நாடகம் என்று தெரியாது.

அவருக்கு ஏழு வயது இளையவர் சி. சு. செல்லப்பா. 1912 செப்டம்பர் 29இல் பிறந்தவர். பெயரின் முன்னால் உள்ள ‘சி’ சின்னமனூர். ஆனால் அவரை எழுத்தாளராக்கிய மண் வத்தலக்குண்டு. மதுரைக் கல்லூரியில் படித்தார். காந்தி பின்னால் போனார். 1941இல் சிறைக்கும் போனார். ஆரம்பக் கதைகள் ‘சுதந்திரச் சங்கு’வில் வந்தன. ‘மணிக்கொடி’யில் வந்த ‘சரசாவின் பொம்மை’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. திண்டுக்கல் மாவட்டம் என்று ஒன்று பிறந்தது 1985இல்தான், அதுவரை இது மதுரை ஜில்லா. அதனால் பழைய புத்தகங்களில் இந்த மூவரையும் மதுரைக்காரர்கள் என்றே எழுதியிருப்பார்கள்.

ஒரு சின்ன ஊர். நாற்பது வருட இடைவெளிக்குள் பிறந்த மூன்று எழுத்தாளர்கள். மூவருமே எழுதுவதோடு நிற்கவில்லை, எழுத்து வெளிவர ஒரு பத்திரிகையைத் தாங்கினார்கள். இதை ஊரின் ராசி என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. ஒருவர் நட்டது அடுத்தவர் கண்ணில் பட்டிருக்கிறது. ராஜமையர் பெயர் அந்தத் தெருக்களில் பேசப்படாமல் இருந்திருக்காது. ராமையாவின் மணிக்கொடியில் செல்லப்பாவுக்கு இடம் இருந்தது. கடைசிக் காலத்தில் செல்லப்பா, ராமையாவின் கதைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவைத்து ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று தனி நூலே எழுதினார். கொடிக்காலில் முன்னவர் ஊன்றிய காலில் பின்னவர் கொடி ஏறுவதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

இனி ஜல்லிக்கட்டைப் பற்றிச் செல்லப்பா எழுதிய ‘வாடிவாசல்’. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அக்கக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டிய புத்தகம் அது. நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டு பார்க்காமல் ஒருவன் வளர முடியாது. கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவுக்கு நடக்கும், புகையிலைப்பட்டியில் நடக்கும். அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்ததில் எனக்கு நினைவிருப்பது புழுதியும் பறைச்சத்தமும், அடைத்துக்கொண்ட காதும்தான். அதை எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் திருவிழா முழுவதும் கதைக்குள் வந்துவிடும். பொரிகடலைக்காரர் வருவார், ராட்டினம் வரும், மாட்டின் வம்சம் வரும். கதை வராது.

செல்லப்பா என்ன செய்தார் என்று பாருங்கள். ஒரே ஒரு பிற்பகல். இடம் செல்லாயி கோயில் சல்லி. உசிலனூர்ப் பிச்சியும் அவன் மச்சான் மருதனும் வாடிவாசல் பக்கம் வந்து நிற்கிறார்கள். பிச்சியின் தகப்பன் அம்புலி, காரி என்கிற காளையால் மாண்டவன். அந்தச் சேதியை ஆசிரியர் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கிற கிழவர் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. பில்லைக் காளை வருகிறது, கொரால் வருகிறது, கடைசியில் ஜமீன்தாரின் காரி வருகிறது. அணைவதும் விடுவதும், கொம்பு எந்தப் பக்கம் திரும்பும், திமில் எந்த நொடியில் கைக்குச் சிக்கும் என்பதும் தெரிந்த ஒருவர் அருகில் நின்று பார்த்த நிதானத்தோடு எழுதியிருக்கிறார். அவர் கேமராவும் கையுமாகப் போய் ஜல்லிக்கட்டைப் படம் பிடித்தவர். ஓர் அசைவை நூற்றில் ஒரு பங்கு நொடிக்கு நிறுத்திப் பார்த்த கண் அது. அந்தக் கண் வாக்கியத்துக்குள்ளும் இருக்கிறது.

இன்னொன்று. அக்ரஹாரத்து வீட்டில் வளர்ந்தவர், காளை பிடிக்கிற மக்களின் பேச்சை இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார் என்றால் எத்தனை நாள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்! அவர்கள் கோபப்படும்போது சொல் எப்படிக் குறைகிறது, ஜமீன்தார் முன்னால் நிற்கும்போது அதே ஆளின் பேச்சு எப்படி வளைகிறது என்பதெல்லாம் கேட்டவனுக்குத்தான் வரும்.

இது ஒரே மூச்சில் வந்த எழுத்தும் கிடையாது. 1940களில் ‘சந்திரோதயம்’ பத்திரிகையில் முதல் வடிவம் வந்தது. எழுத்து பிரசுரப் புத்தகமாக வந்தது 1959இல். நடுவில் இத்தனை வருடம் அதை விட்டுவைத்து, பிறகு கையில் எடுத்திருக்கிறார். எழுபது பக்கம் சொச்சம்தான் புத்தகம். 2013இல் என். கல்யாண ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட, உலகம் படித்தது இந்த எழுபது பக்கத்தைத்தான்.

அதே 1959 ஜனவரியில்தான் ‘எழுத்து’ முதல் இதழும் வந்தது. திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் வாடகை வீடு. வீடுதான் ஆபீஸ். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் தொங்கவிடுவதில்லை, சந்தாதாரருக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கிய பத்திரிகை. முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’. அடுத்து, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி. திருகோணமலையிலிருந்து தபாலில் கவிதை அனுப்பிய தர்மு சிவராமு என்கிற இளைஞர், பின்னாளில் பிரமிள். சி. மணியின் ‘நரகம்’. வெங்கட் சாமிநாதனின் கட்டுரைகள். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு. தமிழில் புதுக்கவிதை வேர்பிடித்த கதை இதுதான்.

இந்தப் பெயர்களையெல்லாம் இலக்கியச் சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அச்சுக் கோர்ப்பவரின் மகன் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

ஒரு பத்திரிகை எப்படி உருவாகும் தெரியுமா? எழுத்தாளர் கையெழுத்துப் பிரதி தருவார். அதைக் கண் முன்னால் செருகி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் நிறுத்த வேண்டும். வரி நிறைந்தால் ஈயத்தகடு இடைவெளி. ஸ்டிக் நிறைந்தால் கேலி என்கிற தட்டுக்கு மாற்ற வேண்டும். நூல் சுற்றி, மை தடவி, புரூஃப் எடுத்து, பிழை பார்த்து, தப்பு எழுத்தை இடுக்கியால் பிடுங்கி, சரி எழுத்தைச் செருக வேண்டும். எங்கள் அப்பா நல்ல வேகக்காரர். அவரே ஒரு நாளில் ஐந்தாறு சின்னப் பக்கம்தான் கோர்ப்பார். சின்ன அச்சாபீசில் எழுத்துக் கையிருப்பு குறைவு. எட்டுப் பக்க ஃபாரம் ஒன்று அடித்து முடித்து, எழுத்தையெல்லாம் கழுவி அறை அறையாகப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த ஃபாரத்தைத் தொட முடியும். கட்டுரையாளர் புரூஃபில் ஒரு பத்தி சேர்த்தால், பின்னால் உள்ள பக்கமெல்லாம் நகரும். அதற்குத் தனிக் கூலி. தாள் கடனுக்குக் கிடைக்காது. பைண்டிங், தபால்தலை, முகவரி எழுதுவது, எல்லாம் மாதம் தவறாமல்.

இதைத் தனி ஒருவர் 119 தடவை செய்தார். 1970 வரை. மனைவியின் நகைகள் போயின என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாள் அந்த வீட்டில் வைத்த உலையும், புரூஃபுக்கு நடுவே நகர்த்திய தட்டும் ‘எழுத்து’ இதழின் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. எனக்கு அது உறுத்தும். என் முதல் புத்தகத்துக்கு என் வீட்டிலும் இரண்டு வளையல் போயிற்று.

எழுத்தாளரே அச்சு வேலையில் இறங்குவது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1917இல் லெனார்டு உல்ஃபும் வர்ஜினியா உல்ஃபும் சாப்பாட்டு மேசை மேல் ஒரு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் பிரஸ் தொடங்கினார்கள். கவிஞர் எலியட்டின் ‘பாழ்நிலம்’ அங்கே 1923இல் புத்தகமானபோது, அதன் எழுத்துகளைக் கையால் கோர்த்தவர் வர்ஜினியா உல்ஃப். இதைப் படித்த நாள் எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த அம்மாவின் விரல் நுனியிலும் என் அப்பா விரல் நுனியைப் போல ஈயக் கறுப்பு ஏறியிருக்கும். அந்த எலியட்டின் காற்றுதான் நாற்பது வருடம் கழித்துப் பிள்ளையார் கோயில் தெருவில் சி. மணி வழியாக வந்து இறங்கியது.

புத்தகம் அச்சாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் சுமந்து பார்க்காதவர்கள். செல்லப்பா தன் பிரசுரங்களை மூட்டையாகக் கட்டி, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகத் தோளில் சுமந்து போய் விற்றார். கதர் வேட்டி சட்டையோடு ஒரு மெலிந்த மனிதர் தமிழ்த்துறை வாசலில் மூட்டையை இறக்கிவைக்கிறார். சிலர் வாங்கினார்கள். சிலர் பிறகு வாருங்கள் என்றார்கள். பரிசு, பணமுடிப்பு என்று வந்தவற்றில் பலவற்றை வேண்டாமென்றார். 1995இல் ‘விளக்கு’ விருதுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அந்தப் பணமும் அவர் கைக்குப் போகாமல், ‘என் சிறுகதைப் பாணி’ என்ற அவர் நூலாக மாறியது.

பிறகு அந்தக் கடைசிச் சுமை. ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகம். 1927 முதல் 1934 வரை மதுரைச் சீமையின் இளைஞர்கள் காந்தி பின்னால் போன காலம். தன் வாலிபத்தை அறுபது வருடம் கழித்து எடுத்து எழுதியிருக்கிறார். 1997இல் தானே வெளியிட்டார். வயது எண்பத்தைந்து. மறு வருடம் டிசம்பர் 18இல் காலமானார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் அந்த நாவலுக்கு வந்தபோது வாங்க அவர் இல்லை.

என் கதை சின்னது. அச்சாபீசில் ஈயம் போய் ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபோது அப்பா ஓய்ந்தார், நான் டி.டி.பி. பழகினேன். கதைகள் எழுதினேன். ஒரு பதிப்பகம் என் தொகுப்பை இரண்டு வருடம் வைத்திருந்து, பிரிக்காத உறையோடு திருப்பி அனுப்பியது. அன்று ராத்திரி அப்பாதான் சொன்னார்: “மூணு ஃபாரம் தாள் என்ன விலைன்னு கேளு.” முந்நூறு பிரதி போட்டோம். அப்புறம் நான்கு புத்தகம் போட்டுவிட்டேன், அதே முந்நூறு கணக்கில்.

அந்த அச்சாபீஸ் எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டபோது, ஒரு பெட்டி எழுத்தும் அப்பாவின் ஸ்டிக்கும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கதை ஒன்று முடிந்ததும் அதன் முதல் பத்தியை மட்டும் ஈயத்தில் கோர்ப்பேன். ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். ‘மிகவும்’ என்று கோர்க்க நாலு தடவை கை நீள வேண்டும். நீளும்போதே கை கேட்கும், இது வேணுமா என்று. அப்படிக் கழித்துக் கழித்து, பன்னிரண்டு வரிப் பத்தி ஏழு வரியாகும். ‘வாடிவாசல்’ ஏன் எழுபது பக்கத்தில் நின்றது என்று எனக்குப் புரிந்தது அந்தப் பெட்டி முன்னால் நின்றுதான். ஈயத்தில் வரப்போவதைத் தெரிந்து எழுதிய ஆளின் சிக்கனம் அது.

போன தை மாதம் வத்தலக்குண்டுக்குப் போனேன். தோளில் நாற்பது புத்தகம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மர நிழலில் பையை இறக்கி வைத்தபோது, கல்லூரிப் பையன் ஒருவன் அட்டையைப் பார்த்துவிட்டு நின்றான். பையில் என் புத்தகங்களோடு ‘வாடிவாசல்’ மூன்று பிரதி எப்போதும் இருக்கும். அதை எடுத்துக் கொடுத்து, “இதை எழுதினவர் உங்க ஊருப்பா” என்றேன். நடுப்பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படித்தான். பஸ் ஒன்று வந்து போனது. அவன் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கினான்.

“எங்க மாமா வீட்டுக் காளைக்கும் காரின்னுதான் சார் பேரு” என்றான். பையில் துழாவி, நூறு ரூபாய் நோட்டை எடுத்தான்.